துவைத்தபின் கோளாறு காட்டும் துணி: வெட்டுவதற்கு முன் நனைப்பதா, வேண்டாமா?

"அளவு சரியாகத்தான் எடுத்தேன், போட்டுப் பார்த்தபோதும் கச்சிதமாக இருந்தது, ஒரே ஒரு தடவை துவைத்தேன், இப்படி ஆகிவிட்டது." திருத்தித் தரச் சொல்லி என் மேசைக்கு வரும் உடைகளோடு கூடவே வரும் வசனம் இது. நான் தைத்ததைப் பார்த்து நானே சொல்லியும் இருக்கிறேன். அதற்காக எல்லாத் துணியையும் நனைத்துவிட்டுத் தை என்று ஒரே வரியில் முடிக்க முடியாது, நனைத்ததாலேயே கெட்டுப்போன துணி ஒன்று என் அலமாரியில் கிடக்கிறது, அந்தக் கதை கடைசியில். நான் பார்ப்பது இவ்வளவுதான்: தைத்த உடை பிற்பாடு என்ன பாடு படப்போகிறதோ, அந்தப் பாட்டை வெட்டாத துணியாக இருக்கும்போதே ஒரு தடவை பட்டுவிட வேண்டும். வாஷிங் மெஷினில் போகிற சட்டை என்றால் துணியும் முதலில் மெஷினுக்குள் போகணும். டிரை கிளீனிங் மட்டுமே பார்க்கப்போகிற கோட்டு என்றால் வாளிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

இன்னும் வெட்டவில்லை, நனைக்கணுமா என்று தெரியவில்லை

முதலில் என்ன இழை என்று பாருங்கள். விற்றவரிடம் கேட்டாலே பாதி வேலை முடிந்தது. தெரியவில்லை என்றால் ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, பீங்கான் தட்டுக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசனையும் தொட்டால் தூளாகிற சாம்பலும் வந்தால் பருத்தி, லினன், ரேயான் வகை. முடி பொசுங்குகிற வாசனை வந்தால் பட்டு அல்லது கம்பளி, அப்படியே நிறுத்திவிட்டுக் கடைசித் தலைப்புக்குப் போங்கள். உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர் அல்லது நைலான். இரண்டும் கலந்து வந்தால் கலப்புத் துணி, அதைப் பருத்தியாகவே நடத்துங்கள், நஷ்டமில்லை.

பாலியஸ்டர் பெரும்பாலும் சுருங்காது. நெருக்கமாக நெய்த பருத்தி பொதுவாக 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். ஃபிளானலும், சல்லடை மாதிரி தளர நெய்த பருத்தியும், ரேயானும், லினனும் சில சமயம் 10 வரை போய்விடும். ஆனால் பொது எண்ணை நம்பி வெட்டாதீர்கள், உங்கள் கையில் இருக்கிற துணி என்ன செய்கிறது என்பதுதான் கணக்கு. அதற்குச் சதுரச் சோதனை இருக்கிறது. கீழே பல இடங்களில் இதையே சொல்லப்போகிறேன் என்பதால் நிதானமாகப் படியுங்கள்.

கரையிலிருந்து, அதாவது துணியின் நெடுக்கில் ஓடும் நெய்த ஓரத்திலிருந்து, நாலு விரல் தள்ளி 25 செ.மீ. துண்டு ஒன்றை வெட்டி, சுற்றிலும் ஜிக்ஜாக் அடித்துவிடுங்கள். அதற்குள் வேறு நிற நூலால், பெரிய ஓட்டுத் தையலில், சரியாக 20 செ.மீ. சதுரம் ஒன்றைப் போடுங்கள். பேனாவால் வரைந்தால் துவைக்கும்போது கோடு போய்விடும், அப்புறம் எதை அளப்பது? கரைக்கு இணையான பக்கம் எது என்று தெரிய ஒரு அம்புக்குறியையும் நூலிலேயே தைத்துவிடுங்கள். இப்போது உடையை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்து, அப்படியே காயவைத்து, இழுக்காமல் இஸ்திரி போட்டு அளங்கள். 2 மி.மீ. குறைந்தால் 1 சதவீதம். 20 என்பது 19 ஆகியிருந்தால் 5 சதவீதம். நெடுக்கில் கூடுதலாகவும் குறுக்கில் குறைவாகவும் சுருங்கியிருக்கும், அது சகஜம், தறியில் நெடுக்கே ஓடும் பாவு நூல்தான் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது.

4 மி.மீ.க்குள் என்றால், தளர்வான உடையாக இருந்தால் அப்படியே வெட்டலாம். 1 செ.மீ. போய்விட்டது என்றால் பேச்சே இல்லை, முழுத் துணியையும் நனையுங்கள். இடைப்பட்டது என்றால் என் ஓட்டு நனைப்பதற்குத்தான். 3 சதவீதம் சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் 100 செ.மீ. கால்சட்டையில் அது 3 செ.மீ., கணுக்கால் வெளியே தெரிய அது போதும்.

துணி வாங்கும்போதே இதைக் கணக்கில் சேருங்கள். 2.5 மீட்டர் தேவை, 5 சதவீதம் சுருங்கும் என்றால் 2.5ஐ 0.95ஆல் வகுங்கள், ஏறக்குறைய 2.63 வரும். ஓரம் கத்தரிக்கவும் கொஞ்சம் போகும், ஆகவே 2.75 வாங்குங்கள்.

துவைத்ததும் உடை சின்னதாகிவிட்டது

பதறாமல் முதலில் இஸ்திரி போடுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். ரேயான் காய்ந்ததும் குழந்தைச் சட்டை மாதிரி ஒடுங்கிக் கிடக்கும், லேசான ஈரத்தோடு ஆவி இஸ்திரி போட்டால் நன்றாகவே மீண்டு வரும். பருத்தியும் ஓரளவு மீளும். அதற்குப் பிறகு அளந்து, வெட்டிய பேட்டர்ன் காகிதத்தோடு ஒப்பிடுங்கள்.

நீளம் மட்டும் குறைந்திருக்கிறதா? துணி நெடுக்கில் சுருங்கியிருக்கிறது. நீளம் குறைந்து அகலம் கூடியிருக்கிறதா? அது பின்னல் துணியின் குணம். டி-ஷர்ட் துணி கட்டையாகிப் பரந்துபோகும். ஈரமாக இருக்கும்போதே நீளவாக்கில் நீவிவிட்டு, தட்டையாக விரித்துக் காயவைத்தால் கொஞ்சம் திரும்பும்.

"நான் நனைத்துத்தான் தைத்தேன், ஆனாலும் சுருங்கிவிட்டது" என்பவர்களிடம் நான் கேட்பது, எப்படி நனைத்தீர்கள்? வாளியில் பச்சைத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்த துணி, உடையான பிறகு சுடுதண்ணீர் மெஷினுக்கும் டிரையருக்கும் போனால், அது அங்கே போய் மிச்சத்தையும் சுருங்கித்தான் தீரும். டிரையர் பயன்படுத்துகிற வீடு என்றால் வெட்டாத துணியும் டிரையரில் சுழல வேண்டும். இன்னொரு காரணம், ஒரு தடவை போதாத துணிகள் உண்டு. கெட்டி டெனிமையும் ஃபிளானலையும் நான் இரண்டு தடவை, சந்தேகமாக இருந்தால் மூன்று தடவை துவைத்துக் காயவைத்துவிட்டுத்தான் கத்தரியைத் தொடுவேன். சான்ஃபரைஸ்ட் என்று போட்டிருக்கிற டெனிம் ஆலையிலேயே சுருக்கி வந்தது, அதற்கு ஒரு தடவை தாராளம். 1930இல் சான்ஃபோர்ட் குளூயெட் என்பவர் காப்புரிமை எடுத்த முறை அது, அவர் பெயர்தான் துணியில் நிற்கிறது.

நனைக்கவே இல்லை, அளவுக்கு வெட்டியாயிற்று என்றால் செலவு ஆரம்பிக்கிறது. கீழ்மடிப்பில் துணி விட்டிருக்கிறதா பாருங்கள், இருந்தால் பிரித்து இறக்கலாம். பழைய மடிப்பு விழுந்த இடத்தில் கோடு தெரியும், அதன்மேல் ஒரு பட்டை வைத்துவிடலாம். பக்கத் தையலுக்குள் 1 செ.மீ.க்கு மேல் துணி இருந்தால் நீங்களே பிரித்துத் தையுங்கள். தோளும் கைக்குழியும் இறுக்குகிறது என்றால் நீங்கள் மல்லுக்கட்ட வேண்டாம், தையல்காரரிடம் கொடுங்கள், அங்கே ஒரு இடத்தைத் திறந்தால் நாலு இடம் சேர்ந்து திறக்கும். கம்பளி கெட்டியாகிக் கம்பளம் மாதிரி ஆகிவிட்டது என்றால் அவராலும் முடியாது, இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுவிட்டன. கையுறையோ பையோ தைத்துக்கொள்ளுங்கள்.

வெளித்துணி சரியாக இருக்கிறது, ஓரம் மட்டும் சுருண்டு இழுக்கிறது

இது நான் செய்த தப்பு. பாலியஸ்டர் கிரேப்பில் கவுன், உள்ளே பருத்தி லைனிங். நல்ல பிள்ளையாக வெளித்துணியை நனைத்தேன், அதற்குத் தேவையே இல்லை. லைனிங்தானே, உள்ளேதானே போகிறது என்று அதை நனைக்காமல் விட்டேன். முதல் துவையலுக்குப் பிறகு கீழ்விளிம்பு முழுக்க உள்பக்கமாகச் சுருண்டு, கவிழ்த்த கிண்ணத்தின் வாய் மாதிரி நின்றது. 70 செ.மீ. லைனிங் 4 சதவீதம் சுருங்கினால் ஏறக்குறைய 3 செ.மீ. போச்சு, வெளித்துணி அசையவில்லை, வேறென்ன ஆகும்?

கண்டுபிடிப்பது சுலபம். உடையை உள்பக்கம் திருப்பி, கீழ்விளிம்பில் லைனிங்கும் வெளித்துணியும் சேர்கிற தையலை ஒரு சாண் அளவுக்குப் பிரித்துத் தொங்கவிடுங்கள். அந்த இடத்தில் மட்டும் சுருள் அப்படியே விழுந்து நேரானால் லைனிங்தான் குற்றவாளி. முழு விளிம்பையும் பிரித்து லைனிங்கைத் தனியாக, வெளித்துணியைவிட 2 செ.மீ. மேலே மடித்து, சேர்க்காமல் விட்டுவிடுங்கள். வேலை முடிந்தது.

பிரித்தும் நேராகவில்லை, தையல் கோட்டை ஒட்டியே சின்னச் சின்னச் சுருக்கமாக இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று. அந்த உடையை வெட்டியபோது மிஞ்சிய துண்டில் அதே நூலில் ஒரு கோடு தைத்துப் பாருங்கள். துவைக்காமலே சுருங்குகிறதா? மெஷினின் நூல் இறுக்கம், அல்லது ஊசி தடிமன். துவைத்தபிறகுதான் சுருங்குகிறதா? பருத்தி நூல் போட்டிருப்பீர்கள், பாலியஸ்டர் நூலுக்கு மாறுங்கள்.

ஜிப் பாம்பு மாதிரி நெளிகிறது என்றாலும் இதே கதை. பாலியஸ்டர் நாடா வைத்த ஜிப் சுருங்காது, ஆகவே அதைச் சுற்றியுள்ள துணிதான் சுருங்கியிருக்கிறது. பருத்தி நாடா என்றால் நேர்மாறு. எனக்குப் பழக்கமாகிப்போனது ஒன்று: பருத்தி லேஸ், நாடா, பைப்பிங் துணி எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, மேலே சுடுதண்ணீரை ஊற்றி, ஆறும்வரை மறந்துவிடுவேன். ஐந்து நிமிட வேலைகூட இல்லை.

காலரிலும் பட்டையிலும் கொப்புளம்

கேன்வாஸ், அதாவது விறைப்புக்காக உள்ளே வைக்கிற துணி, ஒட்டிய இடத்தில் வருவது. கொப்புளத்தின் பக்கத்தில் ஒரு மூலையை நகத்தால் நெம்பிப் பாருங்கள். கேன்வாஸ் தானாக உரிந்து வந்தால் பசை ஒழுங்காகப் பிடிக்கவில்லை. ஈரத்துணியை மேலே போட்டு, இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல், ஒரே இடத்தில் 10 முதல் 15 விநாடி அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். ஆறும்வரை அசைக்காதீர்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

பசை நன்றாகவே பிடித்திருக்கிறது, ஆனாலும் மேல்துணி அலையலையாக நிற்கிறது என்றால், ஒட்டியபிறகு இரண்டில் ஒன்று சுருங்கியிருக்கிறது. அதற்கு இஸ்திரி மருந்தில்லை, காலரைப் பிரித்துப் புதிதாக வைக்க வேண்டியதுதான். அடுத்த தடவை மேல்துணியை நனைத்துக் காயவைப்பதோடு, கேன்வாஸையும் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் போட்டு, பிழியாமல், கம்பியில் தொங்கவிட்டுக் காயவையுங்கள். கொதிநீரும் டிரையரும் வேண்டாம், பசை அங்கேயே இளகி மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கொள்ளும். கோட்டின் மார்புப் பக்கத்தில் கொப்புளம் வந்தால் நீங்கள் கை வைக்காதீர்கள், கோட்டு தைக்கிறவரிடம் போங்கள்.

சாயம் விடுகிறது

வெட்டுவதற்கு முன் என்றால்: வெள்ளைத் துண்டு ஒன்றைக் காய்ந்தபடியே அந்தத் துணியின்மேல் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள், பிறகு இன்னொரு துண்டை ஈரமாக்கிப் பத்துத் தடவை. காய்ந்த துணியிலேயே நீலம் ஒட்டினால் இண்டிகோ போல மேலாகப் படிந்த சாயம், அது உடுத்தும்போதும் நாற்காலியில் ஒட்டும். ஈரத்தில் மட்டும் வந்தால் இழையில் பிடிக்காமல் தங்கிய மிச்சச் சாயம், அது துவைத்தால் போய்விடும். தனியாக, தண்ணீர் தெளியும்வரை துவையுங்கள். நாலு தடவைக்குப் பிறகும் தெளியவில்லை என்றால் அந்தத் துணியை வெள்ளையோடு சேர்த்துத் தைக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். சிவப்புக்கும் கருநீலத்துக்கும் கருப்புக்கும் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள்.

உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். சாயம் ஏற்றி முடித்த பருத்தியில் அது நிற்க வைக்காது. துணி நிறம் விடவில்லை என்றால் அது விடாத துணி, உப்பு பெயரைத் தட்டிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான்.

தைத்த உடையில் ஒரு பாகத்தின் நிறம் இன்னொன்றில் ஏறிவிட்டதா? காயவிடாதீர்கள். இஸ்திரியும் கூடாது, டிரையரும் கூடாது. ஈரமாகவே திரும்பவும் நிறையக் குளிர்ந்த தண்ணீரில் சோப்போடு அலசுங்கள். வெள்ளைப் பருத்தியில் ஏறியிருந்தால் ஆக்ஸிஜன் பிளீச்சில் ஊறவைக்கலாம், முதலில் உள்தையலில் சோதித்துவிட்டு. பட்டு, கம்பளி என்றால் அதைத் தொடாதீர்கள், ஈரத் துண்டில் சுற்றி அன்றைக்கே டிரை கிளீனிங்குக்கு எடுத்துப் போங்கள்.

பக்கத் தையல் முன்னால் வந்துவிடுகிறது, கால் முறுக்குகிறது

நெய்த துணியா? வெட்டும்போதே இழை கோணலாக இருந்திருக்கிறது. அடுத்த தடவை, கரையில் சின்ன வெட்டுப் போட்டு குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்றை இழுங்கள், அது விட்டுப்போன தடத்திலேயே வெட்டுங்கள், இரண்டு முனையிலும். பிறகு கரையோடு கரை சேர்த்து மடியுங்கள். வெட்டிய ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று உட்காரவில்லை என்றால் துணி கோணல். நனைத்து, ஈரத்தோடு, குட்டையாக இருக்கிற மூலைவாக்கில் இரண்டு பேர் எதிரெதிரே பிடித்து இழுத்தால் நேராகிவிடும். ஆனால் அச்சடித்த கட்டங்கள் நூலோட்டத்தோடு ஒத்துப்போகாமல் இருந்தால் எத்தனை தடவை நனைத்தாலும் மாறாது. அதை நனைப்பதற்கு முன்பே பார்த்துத் திருப்பிக் கொடுங்கள், நனைத்த துணியை யாரும் திரும்ப வாங்கமாட்டார்கள்.

பின்னல் துணி என்றால் சதுரச் சோதனையில் மூலைவிட்டங்களையும் அளங்கள். 20 செ.மீ. சதுரத்தில் இரண்டும் 28.3 செ.மீ. வரணும், சுருங்கிய பிறகும் இரண்டும் ஒன்றுக்கொன்று சமமாக இருக்கணும். துவைத்தபின் இரண்டுக்கும் 1 செ.மீ. வித்தியாசம் வந்தால் முறுக்கு நூலிலேயே இருக்கிறது. அதில் நீளமான உடை தைக்காதீர்கள், உள்ளாடைக்கோ தலையணை உறைக்கோ ஒதுக்கிவிடுங்கள். தைத்தாகிவிட்டது என்றால் பிரித்துத் தைத்தாலும் திரும்ப முறுக்கும்.

தைக்கும்போதே தையல் விட்டுவிட்டு விழுகிறது

புது ஊசி போடுங்கள். போட்டும் விட்டால், பழைய ஊசியை விரலால் தடவிப் பாருங்கள், பிசுபிசுப்பு இருந்தால் துணியில் ஏற்றிய கஞ்சியும் மெழுகும்தான். ஒரு துண்டைத் துவைத்துத் தைத்துப் பாருங்கள், சரியானால் முழுத் துணியையும் துவைக்க வேண்டியதுதான். கஞ்சி போனபிறகு துணி இவ்வளவு மெல்லிசா என்று தோன்றும், அதை வெட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. பின்னல் துணி என்றால் முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசி. எல்லாம் மாற்றியும் விட்டுப்போனால் மெஷினின் டைமிங், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். குழந்தைத் துணியும், கசங்காது என்று சொல்லி விற்கிற துணியும் எப்படியும் ஒரு துவையல் பார்த்துவிட்டே வெட்டுப் பலகைக்கு வரட்டும், அந்தப் பூச்சு சிலருக்குத் தோலில் அரிப்புத் தரும்.

நனைத்ததால் வந்த கோளாறு

நூல் பிரிந்து கயிறாகச் சுற்றிக்கொண்டதா? வெட்டிய ஓரத்தில் ஜிக்ஜாக் அடிக்க மறந்திருப்பீர்கள். இழுக்காமல் கத்தரித்து எடுங்கள். கரை மட்டும் இறுகிச் சுருங்கினால் கரையை வெட்டி எறியுங்கள், அதைப் பார்த்து நேர்க்கோடு போடாதீர்கள். நடுமடிப்பில் வெளிறிய கோடு விழுந்திருந்தால் அது போகாது, பேட்டர்னை அதற்கு இரண்டு பக்கமும் வைத்து வெட்டுங்கள். ரேயான் தொளதொளத்து வெட்டவே வரவில்லை என்றால் ஸ்பிரே கஞ்சி அடித்து இஸ்திரி போட்டு வெட்டுங்கள், பிறகு துவையலில் போய்விடும்.

நனைக்கவே கூடாதவை: வெல்வெட், ஜரிகை நெய்தவை, பட்டு சாட்டின், கோட்டுக்கான கம்பளி, பொடியாக வெட்டியே விற்கிற ஒட்டுத்துணிச் சதுரங்கள். கம்பளிக்கு ஈரமான படுக்கை விரிப்பில் சுருட்டி ஒரு இரவு வைத்துப் பிரித்து விரித்துக் காயவைக்கலாம், அல்லது ஆவி இஸ்திரியைத் துணியில் தொடாமல் ஒரு விரல் உயரத்தில் நகர்த்தலாம். விலை உயர்ந்த துணி என்றால் டிரை கிளீனிங் செய்பவரிடம், இது வெட்டாத துணி, ஆவி மட்டும் காட்டித் தாருங்கள் என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். பட்டு என்றால் ஓர மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காயவிடுங்கள். வளையம் விழுந்தால் முழுத் துணியும் அப்படித்தான் ஆகும்.

அந்த ஒரு சொட்டை விட்டுப் பார்க்காமல்தான் நான் மூன்று மீட்டர் பட்டு சாட்டினை வாளியில் முக்கினேன். பளபளப்பு போய், மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெளிறிய கீறலாக வெளியே வந்தது. எத்தனை இஸ்திரி போட்டும் கீறல் போகவில்லை. இப்போது லைனிங்குக்கு என்று எடுத்து வைத்திருக்கிறேன், இனி அது சுருங்காது என்பது மட்டும் நிச்சயம்.